நூறு சதவீத அக்கா

மறுநாள் காலையில் என் கர்ப்பப்பையை எடுப்பதாக இருந்தது. முந்தின நாளே வந்து படுத்துவிட வேண்டும் என்றார்கள், வந்து படுத்துவிட்டேன். படுப்பது எனக்கொன்றும் புதிதில்லை. ஐந்து வருடமாக மாதத்தில் பாதி நாள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது அதற்கென்று ஒரு பச்சை அங்கியும் மணிக்கட்டில் ஒரு பட்டையும் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. எக்ஸ்ரே எடுத்தால் பல்லில் ஓட்டை தெரிகிறது, கூட வந்தவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு எதை எடுத்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஸ்கேன் சுத்தம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், இரைப்பை சுத்தம். எதற்கும் இருக்கட்டும் என்று குடல்வாலை வெட்டி எடுத்தார்கள், அதுவும் பளிச்சென்று சுத்தமாக இருந்ததாம். இவ்வளவு சுத்தமான வயிற்றை வைத்துக்கொண்டு ஒருத்தி சுருண்டு சுருண்டு அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நடிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

வலி எப்போதும் மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் வரும். வாந்தி, தூக்கமே இல்லாத ராத்திரிகள், மாடிப்படி ஏற முடியாமல் துவண்டு போகிற கால்கள். டாக்டரம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாத்திரைகள், ஊசிகள் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். கடைசியில், "ஒவ்வொரு தடவையும் அதையொட்டித்தான் வருது. அத எடுத்துட்டா நின்னுடும்னு தோணுது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வேண்டும் என்றுதான் இருந்தோம். என் கணவர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சரி என்றேன். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும், அதற்குத் தெம்பில்லை.

என்னை நம்பாதவர்களில் முதல் ஆள் என் அக்கா.

அக்கா கெட்டவள் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் தலைவாரி விட்டவள் அவள்தான். ஆனால் நான் படுத்தால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "வயித்து வலி யாருக்குத்தான் இல்ல? எனக்கும்தான் மாசாமாசம் உயிர் போகுது. நான் லேபுக்குப் போகல? வேல செய்யல? எழுந்து மூஞ்சியக் கழுவு" என்பாள். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அவரும் சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துக்கிடப்பார். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'படுக்கை ராஜா'. குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன் என்று போனவர், கையும் காலும் விழுந்துபோய்த் திரும்பி வந்தார், மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தார். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அக்கா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

அக்காவின் ஆய்வகத்துக்குப் போன வருடம் ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். மூன்றாவது மாடி. நடைபாதை முழுக்க ஆளுயர ஃப்ரீசர்கள், எல்லாம் சேர்ந்து ஒரே உறுமல். உள்ளே போனால் ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி ஒரு வாடை. குடுவைகளில் தேநீர் நிறத்தில் ஏதோ குலுங்கிக்கொண்டே இருந்தது. அதில் இருப்பது பாக்டீரியா என்றாள். அதற்குள் இவர்கள் ஒரு மரபணுவைச் செருகி வைத்திருக்கிறார்கள், அது அந்த ஒரே ஒரு என்சைமை வண்டி வண்டியாகச் செய்து தள்ளுகிறது. என்சைமின் பெயர் வாயில் நுழையாது. அக்கா அதற்கு வைத்திருந்த பெயர் 'கஞ்சன்'.

"ரத்தம் எதனால செவப்பு? ஹீம்னு ஒண்ணு. அத உடம்பு துண்டு துண்டா ஒட்டித்தான் செய்யும்" என்றாள். "நாலு துண்டச் சங்கிலி மாதிரி கோத்துக் குடுக்கறது இவன் வேல. ஆனா மொதல்ல வர்ற ரெண்டு துண்ட யாருக்கும் குடுக்கமாட்டான். தன் உடம்போட ஒட்டி வெச்சுக்குவான், சாகற வரைக்கும் விடமாட்டான். அதப் பிடிமானமா வெச்சுக்கிட்டுத்தான் மத்த நாலையும் கோத்து வெளிய தள்ளுவான்."

"நம்ம பெரியப்பா மாதிரி" என்றேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இந்த என்சைம் சில குடும்பங்களில் பாதிதான் இருக்கும். அப்படிப் பாதி இருப்பவர்களுக்குத் துண்டுகள் கோக்கப்படாமல் உடம்பில் தேங்கும், வயிற்று வலி வரும், கைகால் துவளும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் ஒரு பரிசோதனைப் பெட்டியைத்தான் அவர்கள் தயார் செய்துகொண்டிருந்தார்கள். "எனக்கென்னமோ உனக்கு அதுதானோன்னு ஒரு நெனப்பு. என் வேலையில இருக்கறவங்களுக்கு யாரப் பாத்தாலும் அந்த வியாதிதான் தெரியும். எதுக்கும் பாத்துடலாம்" என்று ரப்பர் பட்டையை என் கையில் கட்டினாள். அக்கா என்னை நம்பியது அந்த ஒரு நாள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய் இருக்கலாம் என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் ரத்தத்தை எடுத்த பிறகு தன் கையிலேயே ஊசியைக் குத்தி இன்னொரு குழாய் நிரப்பிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க நார்மல் ரத்தம் ஒன்று வேண்டுமாம். ஆய்வகத்தில் அது வழக்கம்தானாம், யாராவது ஒருத்தர் கையை நீட்ட வேண்டியதுதான். மற்றவர்களுக்கு ஊசி என்றாலே நடுக்கம், அக்காவின் நரம்பு தடியாக இருக்கும், காலையில் முதலில் வருகிறவளும் அவள்தான். ஆரம்பத்திலிருந்தே அவள் ரத்தம்தான் அங்கே அளவுகோல். அவள் நூறு சதவீதம், மற்றது எல்லாம் அதில் எத்தனை என்று கணக்கு.

சாயங்காலம் ஒரு இருட்டறைக்குக் கூட்டிப் போய் ஊதா விளக்கைப் போட்டாள். ரத்தத்திலிருக்கும் என்சைம் எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு சிவப்பாக மினுங்குமாம். இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒரே சிவப்பு. அக்கா கருவியில் வைத்து அளந்துவிட்டு அறை விளக்கைப் போட்டாள்.

"தொண்ணூத்தெட்டு" என்றாள். "உனக்கு ஒண்ணுமில்லடி."

அவள் குரலில் நிம்மதி இருந்தது. நான் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. அறிவியலே சொல்லிவிட்டது, ஒன்றுமில்லை. வேறு என்ன பார்ப்பது? சிறுநீரில் ஒரு சோதனை உண்டு, அதைப் பார்க்கலாமா என்று நான்தான் எங்கோ படித்துவிட்டுக் கேட்டேன். "மூலத்துலயே கோளாறு இல்லேன்னு தெரிஞ்சாச்சு, அப்புறம் எதுக்கு?" என்றாள் அக்கா. என் கணவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் சுருண்டு படுக்கும்போது முன்பெல்லாம் ஓடி வருவார். பிறகு பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டு வந்தார். அவரும் மனிதர்தானே, அவருக்கும் அலுப்பாகத்தானே இருக்கும். புரிந்தது, ஆனாலும் வலித்தது.

ஆக, ஆபரேஷனுக்கு முந்தின நாள். ஜன்னலோரக் கட்டில். வலி வேறு அன்றைக்குப் பார்த்து ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் பித்தப்பைக் கல்லை ஒரு சீசாவில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அக்கா காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. புதுசாக என்சைம் சரக்கு செய்திருக்கிறேன், சரியாக வரவில்லை, மறுபடி செய்கிறேன், மறுபடி செய்கிறேன் என்று இரண்டு வாரமாக அதே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தாள். தங்கச்சியை அறுக்கப் போகிறார்கள், இவளுக்குக் கஞ்சன்தான் முக்கியம் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

வெளியே வெயில் இறங்கும் நேரத்துக்கு அக்கா வந்தாள். கையில் ஒரு ஐஸ் பெட்டி. மூஞ்சி பேயறைந்த மாதிரி இருந்தது. கட்டிலோரம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்து, "மாப்பிள்ள, வாட்ச்மேனுக்கு நூத்தித் தொண்ணூறு" என்றாள்.

"பிரஷரா அண்ணி?"

"என்சைம்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். அக்கா நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். ஒருத்தர் ரத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, பெட்டியில் வைத்து விற்க முடியுமா என்று அவளுடைய சார் கேட்டிருக்கிறார். அதனால் பாக்டீரியாவில் செய்த என்சைமையே சுத்தப்படுத்தி, அளந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து அளவுகோலாக வைப்பது என்று முடிவு. அதற்கு இவ்வளவு என்சைம் என்றால் இவ்வளவு வேலை என்று திட்டமான கணக்கு உண்டு, யார் ரத்தமும் தேவையில்லை. புதுக் குப்பியை வைத்து வழக்கம்போல் தன் ரத்தத்தை அளந்திருக்கிறாள். இருக்க வேண்டியதில் பாதிதான் வந்தது.

"சரக்குத்தான் கோளாறுன்னு நெனச்சேன். பாக்டீரியாவ மறுபடி வளத்தேன், மறுபடி ஒடச்சேன், மறுபடி வடிகட்டினேன். மூணு தடவ. மூணு தடவையும் பாதி. இன்னிக்குக் காலையில கடுப்புல கீழ போயி வாட்ச்மேன் கையப் பிடிச்சு இழுத்து ரத்தம் எடுத்தேன். என்னோட பழைய கணக்குல அவருக்கு நூத்தித் தொண்ணூறு. சாருக்கு இருநூறு. குடுவ கழுவற அம்மாவுக்கு இருநூத்திப் பத்து. மொதல்ல சிரிச்சேன்டி, நம்ம லேப்ல எல்லாரும் பயில்வானா இருக்காங்களேன்னு. அப்புறம்..."

எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"எல்லாரும் பயில்வானா இருக்க முடியாதுடி. அவங்கதான் நூறு. நான் அம்பது. நீயும் அம்பது. ரெண்டு அம்பதப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, ஒரே மாதிரிதான இருக்கு, ஒனக்கு ஒண்ணுமில்லேன்னு அனுப்பி வெச்சேன்."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. எழுந்து உட்காரத் தெம்பிருந்தால் அறைந்திருப்பேன். ஒரு வருடம். ஒரு வருடமாக அந்தத் தொண்ணூற்றெட்டைச் சொல்லித்தானே எல்லாரும் என் வாயை அடைத்தார்கள். "இப்ப வந்து சொல்ற" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இப்பவாவது வந்தேன்ல. அழுதது போதும், எழுந்திரு. பாத்ரூமுக்கு வா." பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பழுப்பு நிறச் சீசா, சோதனைக் குழாய்கள், ஒரு சொட்டுக் குழல். "போன வருஷம் நீ கேட்ட அதே சோதனதான். வலி இருக்கறப்பதான் நல்லாக் காட்டும்."

மருத்துவமனைக் கழிப்பறையில் இரண்டு பேர் ஒன்றாக நுழைந்தால் நர்ஸ் சும்மா விடுவாரா? "ஒருத்தர் ஒருத்தரா போங்கம்மா" என்றார். தலை சுற்றுகிறது, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்கா புளுகினாள். முழுப் புளுகும் இல்லை. ஐந்து நிமிடத்தில் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் என் குப்பி தயாராக இருந்தது. அக்கா பழக்க தோஷத்தில், "இரு, நார்மலுக்கு என்னோடது..." என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

"மாப்பிள்ள, கொஞ்சம் சிறுநீர் வேணும்."

"யாரோடது அண்ணி?"

"ஒங்களோடதுதான். நார்மல் ஒண்ணு வேணும்."

"நானா நார்மல்?"

"இந்தக் குடும்பத்துல இன்னிக்கு நீங்கதான்."

அவர் குப்பியை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கழிப்பறைக்குப் போன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். பதவி உயர்வு கிடைத்த மாதிரி போனார், நிரப்பிக்கொண்டு வந்தார்.

அக்கா குழாய்களில் சீசாவிலிருந்த மஞ்சள் அமிலத்தை ஊற்றினாள். முதலில் அவருடையது இரண்டு சொட்டு. மஞ்சளாகவே இருந்தது. பிறகு என்னுடையது. இரண்டாவது சொட்டு விழுவதற்குள், கண்மூடித் திறப்பதற்குள், குழாயின் மேல்பாகம் முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அக்கா அதைக் குழல்விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

பல்லில் ஓட்டை தெரிகிறவர்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஐந்து வருடமாக என்னை உருட்டிப் புரட்டியது இதோ இருக்கிறது, சிவப்பாக, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. நான் நடிக்கவில்லை. என் கணவர் வாசலில் நின்று தன் மஞ்சள் குழாயையும் என் சிவப்புக் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கெல்லாம் நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மாவை நர்ஸ் கூட்டி வந்தார். அவர் முதலில் முகம் சுளித்தார், கழிப்பறைக்குள் ரசாயனச் சீசா வைத்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அக்கா சொல்லச் சொல்ல அமைதியாகிவிட்டார். சிவப்புக் குழாயை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மயக்க மருந்துகளிலேயே சிலது இந்த நோய்க்கு ஆகவே ஆகாது என்று அக்கா சொன்னபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும், அந்த மருந்துகளின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"நாளைக்கு வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "பெரிய லேபுக்கு முறையா அனுப்பி உறுதிப்படுத்திக்கலாம். அதுவரைக்கும் குளுக்கோஸ் ஏத்தலாம். இது அதுதான்னா மருந்து இருக்கு, ஹீமையே ஊசியாப் போடலாம்." பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு இது தோணலம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கர்ப்பப்பை என்னிடமே இருக்கப் போகிறது என்பதுதான் அப்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் போன பிறகுதான் பார்த்தேன். அக்கா பெட்டியைக் கட்டாமல் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவதாக ஒரு குழாய் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. என்னுடையது அளவுக்கு இல்லை, ஆனால் சிவப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாத சிவப்பு.

கட்டிலுக்குக் கூட்டி வந்து அவள் கையிலிருந்து குழாயை வாங்கி மேஜைமேல் சாய்த்து வைத்தேன்.

"உனக்கும் வலிக்குமா?" என்றேன்.

"மாசாமாசம்."

"எவ்வளவு?"

"எனக்கென்னடி தெரியும். நிக்க முடியாம லேப் பாத்ரூம்ல தரையில உக்காந்திருப்பேன். அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்து வேலயப் பாப்பேன். பத்துப் பன்னெண்டு வருஷமா. எல்லாருக்கும் இவ்வளவுதான் வலிக்கும், எல்லாரும் பொறுத்துக்கிட்டு எழுந்து வர்றாங்க, நீ மட்டும்தான் அப்பா மாதிரி படுத்துக்கறேன்னு..." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ரத்தத்துல மட்டும் இல்லடி. எல்லாத்துலயும் என்னைத்தான் நூறுன்னு வெச்சுக்கிட்டேன்."

சற்று முன்பு அறைய வேண்டும் என்று இருந்த கோபத்தைத் தேடினேன். எங்கேயோ இருந்தது, இல்லாமல் போகவில்லை. ஆனால் அவள் நின்றுகொண்டிருந்த விதம் எனக்குத் தெரியும். ஒரு கை கட்டில் கம்பியில், ஒரு கை வயிற்றின் மேல், முழங்கால்கள் பூட்டியபடி. கண்ணாடியில் நான் நூறு தடவை பார்த்தது.

"இன்னிக்கும் இருக்கா?" என்றேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். "படுத்துக்கோ."

"நர்ஸ் திட்டுவாங்க."

"திட்டட்டும். படு."

அக்கா செருப்பைக் கழற்றினாள். மெதுவாக உட்கார்ந்தாள், சாய்ந்தாள், பக்கவாட்டில் திரும்பி முழங்காலை மடக்கிக்கொண்டாள். அப்பா படுக்கிற அதே மாதிரி. பக்கத்துக் கட்டில் அம்மாள் சீசாவை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார், பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். என் போர்வையில் பாதியை அக்கா மேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் முனக ஆரம்பித்தாள், பல்லைக் கடிக்காமல், வாய்விட்டு. எழுந்திரு, மூஞ்சியைக் கழுவு என்று நான் சொல்லவில்லை.